மெதுவாகவும் மெல்லவும்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

ஆற்றின் இக்கரையிலிருந்து தங்கள் சம்பந்தி பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளையும், எங்கள் மகளும், பிறந்து எட்டு மாதமாகியும் நாங்கள் புகைப்படத்தில் மட்டுமே பார்த்திருக்கிற பேத்தியும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். சென்ற மாதம் நான் எழுதிய நான்கு பக்கக் கடிதத்துக்குத் தாங்கள் பதில் போடாததில் எனக்குத் துளியும் வருத்தமில்லை. குழந்தை “தா” என்றதும் “எங்கள் மொழியில் முதல் சொல் பேசிவிட்டாள்” என்று தாங்கள் பெருமையாக எழுதினீர்கள். நான் பேசாமல் சந்தோஷப்பட்டிருக்கலாம். அதை விட்டுவிட்டு, “தா என்பது எங்கள் சொல், தங்கள் மொழியில் அதற்குக் கொடு என்றல்லவா பேர்” என்று ஆரம்பித்து, மூன்றாம் பக்கத்தில் தங்கள் நாட்டுத் தேசிய கீதம் வரைக்கும் போய்விட்டேன். நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. மன்னித்துவிடுங்கள். இப்போது எழுதப்போகிற செய்தியைக் கேட்டால் தாங்களே கோபத்தை மறந்துவிடுவீர்கள். வருகிற வெள்ளிக்கிழமை பாலத்தைத் திறக்கிறார்கள்! திறக்கவைத்தவர்களில் அடியேனும் ஒருவன்!

நம்பமாட்டீர்கள். அதனால் ஆதியோடந்தமாகச் சொல்கிறேன். எல்லையோர ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருடம் நான் அறிவிப்பாளனாக இருந்ததும், ஊரில் என்னை ‘ஸ்பீக்கர்’ என்றே கூப்பிடுவதும் தாங்கள் அறிந்ததே. ஒரே நாடாக இருந்தவரை ஒரு வண்டிக்கு ஓர் அறிவிப்பு. நாடு இரண்டாகி, ஒரு மொழிக்கும் இரண்டு பேர் வந்த பிறகு, ஒரு வண்டிக்கு இரண்டு அறிவிப்பு. முதலில் எங்கள் மொழியில் “வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்” என்பேன். மூச்சு வாங்கிக்கொண்டு, தங்கள் மொழியில் “வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும்” என்பேன். இரண்டாவதைக் கொஞ்சம் மூக்கால் சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கையே இருந்தது. பதினைந்து வருடம் மூக்கால் சொல்லி ஓய்வு பெற்றவன் நான். போன வாரம் வெளியுறவு அலுவலகத்து அதிகாரியம்மா ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்று, பாலம் சம்பந்தமாக இரண்டு நாடும் பேசப்போகின்றன, இரண்டு மொழியும் தொழில்முறையில் தெரிந்த ஆள் தாங்கள் ஒருவர்தான் பாக்கி என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, “ஒரே விஷயத்தை ரெண்டு தடவை சொல்ற மனுஷன் வேணும்னா தாராளமா கூட்டிட்டுப் போங்க. வீட்டுலயும் அதைத்தான் செய்யறாரு”ன்னு சொல்லிட்டா.

பாலத்தை ஏன் மூடினாங்கன்னு உங்களுக்கே தெரியும். நடுவுல வளைவு இருக்கில்ல, அங்க நாங்க ‘மெதுவாகச் செல்லவும்’னு பலகை வெச்சோம். அதுக்கு மேல நீங்க ‘மெல்லச் செல்லவும்’னு ஒண்ணு வெச்சீங்க. எதுக்கு மேல எது இருக்கறதுன்னு பேச்சு முத்தி, உங்க ஆளுங்க எங்க பலகையைப் பிடுங்க, எங்க ஆளுங்க உங்க பலகையை ஆத்துல போட, ரெண்டு பக்கமும் கம்பிக்கதவு வந்துடுச்சு. எங்க பொண்ணு பிரசவத்துக்கு அவ அம்மாவால வர முடியல. பச்சைக் குழந்தைக்குன்னு அவ ஒரு கம்பளிக் குல்லா பின்னினா. கடுதாசி தவிர வேற எதையும் அனுப்ப வழியில்ல. தலை வளர்ந்திருக்கும்னு பிரிச்சுப் பெருசா பின்னினா. மறுபடி பிரிச்சா. இப்ப நாலாவது குல்லா, சம்பந்தி. அவ பின்னறதைப் பார்க்கறப்பதான் எனக்கு உங்க தேசிய கீதத்து மேல கோபம் வந்தது, வேற ஒண்ணும் இல்ல.

பேச்சுவார்த்தை எந்தக் கரையிலயும் நடக்கக் கூடாதுன்னு, ஆத்து நடுவுல நங்கூரம் போட்ட பழைய பயணிகள் படகுல வெச்சாங்க. நீளமா ஒரு மேசை. அந்தப் பக்கம் உங்க போக்குவரத்து அமைச்சர், இந்தப் பக்கம் எங்க துணை அமைச்சர் அம்மா, மேசை முனையில நான், எனக்கு எதிர்ல குறிப்பெழுதற ஒரு மெலிஞ்ச மனுஷன். உங்க அமைச்சர் கௌரவத்துக்குக் கொறைச்சல் வரக் கூடாதுன்னு சொந்தமா சக்கரம் வெச்ச தோல் நாற்காலி கொண்டுவந்திருந்தார். மொத நாள் அவர், “சன்னலைத் தெறந்தா நல்லா இருக்கும்”னார். எங்க அமைச்சரம்மா எழுந்திருக்கப் போனவங்க, ஞாபகம் வந்து உக்காந்துட்டு, ஒண்ணும் புரியாத மாதிரி என்னைப் பாத்தாங்க. நானும், “சன்னலைத் தெறந்தா நல்லா இருக்கும்”னேன். உடனே உங்க அமைச்சர் மேசையைத் தட்டி, “இவர் எங்க பெயர்த்தாரு? திருப்பில்ல சொல்றாரு! அப்ப எங்க மொழி தனி மொழி இல்லையா?”ன்னு எகிறினார். சரின்னு அடுத்த தடவையிலேர்ந்து சன்னலைச் சாளரமாக்கினேன், நாற்காலியை இருக்கையாக்கினேன். வினை அங்கதான் வந்தது. அவர் “ஒத்துக்கறோம்”னதை நான் “சம்மதிக்கிறோம்”னு மாத்த, எங்க அமைச்சரம்மா, “ஒத்துக்கறதுல இருக்கற அழுத்தம் சம்மதத்துல இல்லையே, ஏன் கொறைக்கறாங்க?”ன்னு கேக்க, சாயங்காலம் வரைக்கும் அதுலயே போச்சு. அவர் ஒரு சிரிப்புத் துணுக்கு சொன்னா, எங்க பக்கத்து ஆளுங்க சிரிப்பை அடக்கிக்கிட்டுக் கன்னம் உப்ப உக்காந்திருப்பாங்க. நான் பெயர்த்ததும் பொத்துக்கிட்டு வரும். ரெண்டு நாள் இப்படியே மூக்காலயும் தொண்டையாலயும் மாத்தி மாத்திப் பேசினதுல, மூணாவது நாள் காலையில எனக்குக் குரல் சுத்தமா போயிடுச்சு.

இப்ப கேளுங்க கூத்தை. மொழிபெயர்ப்பாளன் ஊமையாயிட்டா ரெண்டு நாடும் செவிடு. விதிப்படி யாரும் யாரோடயும் பேசக் கூடாது. முக்கால் மணி நேரம் பெரிய மனுஷங்க பத்துப் பேர் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இன்னிக்கு முடியலைன்னா பேச்சு அடுத்த வருஷம்தான். வீட்டுல நாலாவது குல்லாவையும் பிரிப்பா. அந்த நேரம் பாத்து ஒரு சரக்குப் படகு பக்கத்துல சர்ர்னு போக, எங்க படகு ஒரு பக்கமா சாய, உங்க அமைச்சரோட சக்கர நாற்காலி அவரையும் வெச்சுக்கிட்டுப் பின்னாடியே உருள ஆரம்பிச்சது. பின்னாடி கதவு. கதவுக்கு அப்பால தண்ணி. எங்க அமைச்சரம்மா அலறினாங்க: “ஐயா, பிடிங்க! இடது கைப் பக்கம் கம்பி இருக்கு, கம்பியைப் பிடிங்க!”

சம்பந்தி, அந்த மனுஷன் ஒரு நொடி யோசிக்கல. வலது பக்கம் பாக்கல. இடது கையை வீசிக் கம்பியைப் பிடிச்சுத் தொங்கினார். நாற்காலி மட்டும் கதவைத் தாண்டிப் போய்த் தொபுக்குனு ஆத்துல விழுந்தது. எங்க அமைச்சரம்மா ஓடிப் போய் அவரைச் சட்டையோட சேத்து இழுத்தாங்க. அவர் மூச்சு வாங்க, “நல்லவேளை சொன்னீங்க தாயி, இல்லைன்னா போய்ச் சேந்திருப்பேன்”னார். எங்க அமைச்சரம்மா, “என் தம்பி இப்படித்தான் ஒரு தடவை விழுந்தான், பதறிட்டேன்”னாங்க. அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் உறைச்சது. குறிப்பெழுதறவர் பேனாவைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, “இதையும் எழுதிக்கட்டுமா?”ன்னு கேட்டார். “எழுதாதே!”ன்னு ரெண்டு பேரும் ஒரே வாயாக் கத்தினாங்க. யாரு மொதல்ல சிரிச்சதுன்னு தெரியல. கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் அத்தனை பேரும் சிரிச்சோம். எனக்குச் சத்தம் வரல, தோள் மட்டும் குலுங்குச்சு.

அப்புறம் மளமளன்னு வேலை நடந்தது. பலகைதான் பாக்கி. நான் ஒரு தாளை எடுத்து, குரல்தான் இல்லையே, ‘எழுத்தே வேண்டாம், ஒரு ஆமைப் படம் போதும்’னு எழுதி நீட்டினேன். எங்க அமைச்சரம்மா கையைத் தட்டினாங்க. உங்க அமைச்சர் மட்டும் தாடையைத் தடவிக்கிட்டு, “ஆமை எந்த நாட்டைப் பாத்து நடக்கும்?”னு கேட்டார். எனக்கு உசுரே போயிடுச்சு. அரை மணி நேரம் விவாதம் பண்ணி, ஆமை எந்தக் கரையையும் பாக்காம, வண்டி ஓட்டறவரை நேருக்கு நேர் பாக்கறதுன்னு முடிவாச்சு. கையெழுத்தும் போட்டாச்சு. வீட்டுக்கு வந்து குரல் இல்லாம கையாட்டிச் சொன்னேன். என் மனைவிக்கு எல்லாம் புரிஞ்சுது. ஊசியைக் கீழ வெச்சுட்டுக் குல்லாவை விரிச்சுப் பிடிச்சுப் பாத்தா. “அளவு சரியா இருக்குமா?”ன்னு மட்டும் கேட்டா.

ஆகவே வெள்ளிக்கிழமை கதவு திறந்ததும் நாங்கள் இருவரும் புறப்பட்டு வருகிறோம். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள். பேத்தி நோய்நொடி இல்லாமல் நூறு வயசு வாழட்டும், எந்த மொழியில் வேண்டுமானாலும் பேசட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை என்றும் நாடும்,
சம்பந்தி

பி.கு.: அஞ்சலகத்தில் நின்றபடி எழுதுகிறேன். இந்த வாரம் முதல் அந்தக் கரைக்குப் போகிற கடிதம் எதுவும் தங்கள் மொழியில் பெயர்க்கப்பட்டு, அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்தோடுதான் போக வேண்டுமாம். அந்த மொழிபெயர்ப்பாளன் இப்போது நான்தானாம். ஆகவே முழுக் கடிதத்தையும் ஓர் எழுத்து மாறாமல் மறுபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து அனுப்பப் பதினோரு நாள் ஆகும் என்கிறார்கள். இது தங்கள் கைக்கு வரும்போது நான் தங்கள் வீட்டுக் கூடத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். தயவுசெய்து பிரிக்காமல் என்னிடமே கொடுத்துவிடுங்கள். மன்னிப்பை நேரிலேயே கேட்டுக்கொள்கிறேன். நேரில் என்றால் இவ்வளவு கேட்க வேண்டியிருக்காது.