அக்கா வீட்டு ப்ளைவுட் சுவர்

ஆண்டவருக்குள்ள அன்பான சித்தப்பாவுக்கு,

காலேஜைப் பாதியில விட்டுட்டு வந்த உங்க அண்ணன் மகன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதறேன். நீங்க, சித்தி, உங்க சபை ஜனம் எல்லாரும் சுகம்தானே? நானும் அக்கா வீட்டு ஹால் சோபாவுல சுகமா இருக்கேன். படிப்பு என்னாச்சுன்னு கேக்காதீங்க, அதைவிடப் பெரிய வேலை ஒண்ணு முடிச்சிருக்கேன். உங்க கையால நீங்க கல்யாணம் பண்ணி வெச்ச அக்காவையும் மாமாவையும் விவாகரத்து வாசல்லேருந்து நான் ஒருத்தனா இழுத்துட்டு வந்திருக்கேன். உக்காந்து படிங்க.

போன மாசம் ஒரு நாள் சாப்பிடும்போது மாமா தட்டைத் தள்ளிட்டு, "இதுக்கு மேல முடியாது, வக்கீலைப் பாக்கப் போறேன்"னாரு. என்ன சண்டைன்னு கேட்டா ரெண்டு பேருமே வாயைத் திறக்கலை. ஆனா அக்கா விடுவாளா? "வக்கீலைப் பாக்கறதுக்கு முன்னாடி வேதத்தைப் பாருங்க. துரோகம் பண்ணினாத்தான் தள்ளி வைக்கலாம். பண்ணினீங்களா?"ன்னு கேட்டா. மாமா யோசிச்சாரு. நிஜமாவே யோசிச்சாரு, சித்தப்பா! "எனக்கு எங்கடி நேரம்? பட்டறையே சரியா இருக்கு"ன்னாரு. "அப்ப விவாகரத்து கிடையாது, போய்க் கை கழுவுங்க"ன்னுட்டா.

விவாகரத்து கூடாது, பிரிஞ்சாலும் வேற கல்யாணம் கூடாது, சமாதானமாகணும், அப்படித்தானே போதனை? மாமா அதுல 'பிரிஞ்சாலும்'ங்கறதை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாரு. தச்சு வேலைக்காரர் இல்லையா, மறுநாளே ப்ளைவுட் இறக்கி வீட்டுக்கு நடுவுல ஒரு சுவரை எழுப்பிட்டாரு. பெயிண்ட் அடிச்சு முடிச்சப்புறம்தான் பாக்கறாரு, சமையல்கட்டும் பெட்ரூமும் அக்கா பக்கம், ஹாலும் பாத்ரூமும் அவரு பக்கம். பசிச்சா இவரு போகணும், குளிக்கணும்னா அவ வரணும். நான் சோபாவுல புரண்டு புரண்டு சிரிச்சேன். மாமா ரம்பத்தை எடுத்து நடுவுல அறுத்து ஒரு கதவு வெச்சாரு. தாழ்ப்பாளை எந்தப் பக்கம் போட்டாரு தெரியுமா? அக்கா பக்கம் மட்டும். "உனக்கு எப்ப இஷ்டமோ அப்ப திற"ன்னாரு. பிரிஞ்சு போற மனுஷன் பேசற பேச்சா இது?

அங்கதான் நான் பிரசங்கத்தை ஆரம்பிச்சேன். ஆண்டவர் சேர்த்து வெச்சதை மனுஷனே பிரிக்கக் கூடாதுங்கறப்ப ப்ளைவுட் எப்படிப் பிரிக்கலாம்னு ரெண்டு பக்கமும் கேட்டேன். மாமா "நீ முதல்ல பரிட்சை எழுது"ன்னாரு. அக்கா "குடிச்ச டம்ளரைக் கழுவி வை"ன்னா. ஊழியக்காரன் பாடு உங்களுக்குத் தெரியாததா?

போன வாரம் ஒரு வீட்டுல அலமாரி மாட்டற வேலை. பலகை பிடிக்க நானும் போனேன். அந்த வீட்டம்மா, "பொண்டாட்டியோட பிரிஞ்சுட்டீங்களாமே, பாவம், தனியா எப்படி இருக்கீங்க"ன்னு ஒரு மாதிரி இழுத்து, டீயும் தட்டு நிறைய பிஸ்கட்டும் கொண்டு வந்து வெச்சாங்க. மாமா ஸ்க்ரூவை முடுக்கிக்கிட்டே, தலையைக்கூடத் திருப்பாம, "நாங்க பிரியலைங்க. நடுவுல ஒரு கதவு இருக்கு, அவ்வளவுதான்"னாரு. டீயைத் தொடவே இல்லை. பிஸ்கட்டை நான்தான் தின்னேன், எனக்குக் கல்யாணம் ஆகலையே.

வீட்டுக்கு வந்ததும் அக்காகிட்ட ஒரு வார்த்தை விடாம ஒப்பிச்சேன். கண்ணைத் துடைச்சுக்கிட்டா. வெங்காயம்னு சாதிச்சா. நறுக்கிட்டு இருந்தது உருளைக்கிழங்கு. நான் சோபாவுக்குத் திரும்பின கொஞ்ச நேரத்துல தாழ்ப்பாள் திறக்கற சத்தம். மாமா சாப்பாட்டுத் தட்டைக் கையில பிடிச்சுக்கிட்டு புது மாப்பிள்ளை மாதிரி நெளிஞ்சுக்கிட்டே உள்ள போனாரு.

நெஞ்சை நிமிர்த்திச் சொல்றேன் சித்தப்பா, இந்த மனுஷனுக்கு மச்சான்னு சொல்லிக்க எனக்கு அவ்வளவு பெருமை. என்னை நினைச்சா அதைவிடப் பெருமை. டிகிரி வாங்கினவன் எவனாவது ஒரு குடும்பத்தைச் சேர்த்து வெச்சிருக்கானா? ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துக்கு உதாரணம் வேணும்னா தாராளமா என்னைச் சொல்லுங்க.

உங்க ஜெபத்துல எனக்கு ஒரு இடமும் சித்தி சமையல்ல ஒரு பங்கும் எப்பவும் இருக்கட்டும். கிருபை எல்லார் கூடவும் இருப்பதாக.

இப்படிக்கு,
குடும்பத்தைக் காப்பாத்தின உங்க அண்ணன் மகன்

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள அக்கா பிடுங்கி, மாமாவையும் கூப்பிட்டு சத்தமாப் படிச்சுட்டா. ஒருத்தர் தோள்ல ஒருத்தர் சாஞ்சு சிரிக்கறாங்க. சண்டையே என்னாலதானாம். மாமா "அவனை அனுப்பு"ன்னாராம், அக்கா "என் தம்பியை எப்படி அனுப்பறது"ன்னாளாம். "சரி, இப்பதான் சமாதானமாயிட்டீங்களே, சுவரைக் கழட்டிடலாமா?"ன்னு கேட்டேன். "ஐயையோ, அது இருக்கட்டும்!"னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல கத்தினாங்க. தாழ்ப்பாள் இனிமே என்னை உள்ள விடாம இருக்கறதுக்காம். சமையல்கட்டு அந்தப் பக்கம், சித்தப்பா! அதனால இந்த லெட்டரைத் தபால்ல போடலை. நாளைக்கு பஸ் ஏறி நானே பெட்டியோட கொண்டு வர்றேன். உங்களுக்கும் சித்திக்கும் நடுவுல எல்லாம் நல்லாத்தானே போயிட்டிருக்கு?