குழாய் பாயும் கொய்யாத்தோப்பு வண்டியும்

தண்ணீரை அதட்டி வேலை வாங்கத் தெரிந்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். ஆண்டவன் அவரைப் படைத்து, அதட்டுவதற்குத் தண்ணீரே இல்லாத திண்டுக்கல்லில் கொண்டுவந்து விட்டான். அவர்தான் குழாய் பாய். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். வருகைப் பதிவேட்டிலேயே நான் 'குழாய் பாய்' என்றுதான் எழுதுவேன். அவரும் அதற்கு நேரே கையெழுத்துப் போடுவார்.

அறுபதுகளின் தொடக்கம். லாரிகளுக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் குமாஸ்தா, அவர் ஃபிட்டர். தண்ணீரின் வேகத்தை அளக்க அவருக்குக் கருவி எதுவும் வேண்டாம். தொழுகைக்கு முன் கை, வாய், முகம், கால் கழுவும் ஒளுதான் அளவுகோல். பட்டறையில் கைக்கடிகாரம் கட்டியவன் நான் ஒருவன் என்பதால் சாட்சிக்கு என்னையும் இழுப்பார்.

"தம்பி, வாட்ச்சப் பாருங்க. இது நல்ல குழாய். சந்தைக் குழாய் இருக்கே, அதுல ஒளு செஞ்சு முடிக்கிறதுக்குள்ள அடுத்த தொழுகை வந்துரும்."

ஒருநாள் ஆயக்குடியிலிருந்து கொய்யாத்தோப்புக்காரர் ஒருவர் மனைவியோடு காரில் வந்தார். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வேன் ஒன்றைக் கட்டில், அடுப்பு, குளியலறையோடு வீடாக மாற்றித் தரவேண்டும். மனைவிக்கு ராமேஸ்வரத்துக் கடலைக் காட்டவேண்டும் என்றார். அந்த அம்மா காரைவிட்டு இறங்கவில்லை. நாலு வருஷமாக இரண்டு கால்களும் விளங்கவில்லை.

"எனக்குக் கடல் பாக்க ஆசைதானுங்க," என்றார் அவர் காருக்குள்ளிருந்தே. "ஆனா ரெண்டு பொம்பளைக தண்ணி மொண்டு ஊத்தித்தான் தினமும் குளிக்கறேன். அந்தக் கூத்தை வெளியூருக்கும் காட்டோணுமா? நானே குளிக்க முடியும்னா வாறேன். இல்லாட்டி வரலீங்க."

பாய் தாடியைத் தடவினார். "நீங்களே குளிப்பீங்கம்மா. நான் பொறுப்பு."

முதலில் தொட்டியைக் கூரைமேல் வைத்தார். தண்ணீர் நூலாக வந்தது. "ஒசரம் பத்தல" என்று தொட்டிக்கு நாலு கால் வைத்து உயர்த்தினார். வெள்ளோட்டத்தில், அகரம் போகும் பாதையில் ஒரு புளியங்கிளை அதைப் பிடுங்கிக்கொண்டது. பட்டறை முதலாளி தலையில் கை வைத்தார். பாயோ கிளையை அண்ணாந்து பார்த்து, "இம்புட்டுத் தாழ்வா எவன்டா மரம் வளத்தான்?" என்றார்.

மூன்று நாள் தொட்டியையே சுற்றிச் சுற்றி வந்தார். நாலாம் நாள் நசுங்கிய தொட்டியைத் தட்டி நிமிர்த்தி, கட்டிலுக்கு அடியில் வைத்து, இறுக மூடி, லாரி ட்யூபின் வால்வை அதில் பற்றவைத்தார். சைக்கிள் பம்பை நாற்பது தடவை அழுத்திக் காற்றடித்துவிட்டுக் குழாயைத் திறந்தார். தண்ணீர் எதிர்ச் சுவரில் போய் மோதியது. அவருடைய ஒளு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது!

"தண்ணியும் மனுசன் மாதிரிதான் அப்பு. நெருக்கினாத்தான் ஓடும்."

வழியில் எந்தக் கிணற்றுத் தண்ணீர் கிடைக்குமோ தெரியாது. ஆகவே தொட்டியில் ஊற்றுமுன் வடிகட்ட, கூழாங்கல், மணல், கரி அடுக்கிய பீப்பாய் ஒன்று. மேடு பள்ளத்தில் குலுங்கி, கரி மேலே வந்து மணல் கீழே போனது. அடுக்குகளுக்கு இடையே துணி சுற்றிய சல்லடைத் தட்டுகளை இறுக்கி அதையும் அடக்கினார். தண்ணீர் பளிங்காக விழுந்தது.

தோப்புக்காரர் பார்க்க வந்த அன்று குழாயைத் திறந்தால் செக்கச்செவேல் என்று கொட்டியது.

"ஏனுங்க பாய், டீயாட்ட வருதுங்க?"

ரப்பர் வாடை தண்ணீரில் ஏறும் என்று, தோல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தோலில் வாஷர் வெட்டிப் போட்டிருந்தார் பாய். தோல் பதப்படுத்திய ஆவாரம்பட்டையின் சாயம் முழுக்க இறங்கிவிட்டது. மனிதர் அசரவில்லை.

"ஆவாரைங்க. மேலுக்கு ரொம்ப நல்லது."

"கடலுக்குப் போறதுக்குள்ள என் சம்சாரம் செவப்பாயிருவாளுங்க!"

மறுநாளே பழைய ட்யூபை வெட்டி, கொதிநீரில் பலமுறை அலசி, ரப்பர் வாஷராக மாற்றினார்.

வண்டியைக் கொடுப்பதற்கு முந்தின மத்தியானம் பாயைக் காணோம். வேனுக்குள் தண்ணீர்ச் சத்தம். குளியலறைக் கதவைத் திறந்தேன். தொப்பலாக நனைந்த சட்டையோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீங்க தம்பி. அந்தம்மாவால கால ஊனி எந்திரிக்க முடியாதுல்ல? ஊனாம எட்டுதான்னு பாக்குறேன். எட்டல. குழாய ஒரு சாண் எறக்கணும். செத்த நேரம் இருங்க, முதுகுச் சோப்பு போகுதான்னும் பாத்துருவோம்."

சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஸ்பேனரை எடுத்து நீட்டினேன்.

பதினோராம் நாள் வேன் ராமேஸ்வரத்திலிருந்து நேரே பட்டறைக்கு வந்தது. அந்த அம்மா ஜன்னல் வழியாக பாயைக் கூப்பிட்டார்.

"பாய், பத்து நாளும் நானேதானுங்க குளிச்சேன். இவரு வெளிய நின்னு காத்தடிச்சாரு, அம்புட்டுத்தான். தண்ணி ஊத்த ஒருத்தரையும் கூப்புடலீங்க."

"கடலை விட்டுப்போட்டு வழி பூரா உங்க குழாயப் பத்தித்தானுங்க பேச்சு," என்றார் கணவர்.

புளியமரத்தோடுகூட வாதாடிய பாய் அன்றைக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பட்டறைக் குழாயடிக்குப் போய்க் குந்தி, முகம் கழுவ ஆரம்பித்தார். கழுவிக்கொண்டே இருந்தார்.

"ஒளு செய்றாரு," என்று அவர்களிடம் சொன்னேன். என் கடிகாரப்படி அடுத்த தொழுகைக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.