மண்ணில் படாத சப்பாத்து

மானிப்பாய்,
14-07-1969

அன்பும் மதிப்பும் மிக்க பஞ்சலிங்கம் அண்ணைக்கு,

இங்கு நானும் உங்கள் மச்சானும் சுகம். அங்கு நீங்களும் மகள் அருந்ததியும் அவ்வாறே இருக்க இறைவனை வேண்டுவதாக எழுதுவது முறை, எழுதிவிட்டேன். இனி நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய நடனச் சப்பாத்துக்கு வருவோம்.

அருந்ததியின் கலியாண வரவேற்பில் மாப்பிள்ளையின் தகப்பனோடு பெண்ணின் தாய் ஒரு சுற்று ஆடுவது மாப்பிள்ளையின் பறங்கிக் குடும்பத்து வழக்கமாம். மச்சாள் காலமாகிவிட்டதால் அவ்விடத்தில் மாமி நிற்க வேண்டும் என்று அருந்ததி எழுதியிருந்தாள். பல்கலைக்கழக விடுதியில் நாங்கள் பெண்கள் கட்டில்களுக்கிடையில் வால்ஸ் ஆடிய கதையை நீங்கள் அவளுக்குச் சொல்லியிருக்கத் தேவையில்லை. தாயில்லாப் பிள்ளைக்கு எப்படி மறுப்பது? ஓம் என்று எழுதினேன்.

காலைக் கடதாசியில் வைத்துக் கீறி அனுப்பச் சொன்னீர்கள். விடியக் கீறினேன், ஐந்து பாடம் நின்று படிப்பித்துவிட்டு வந்து பார்த்தால் அதே கால் கோட்டைத் தாண்டி நின்றது. அந்த விடியற்கோட்டுக்குத் தைத்த முதற்சோடிக்குள் மூன்று விரல்கள்தான் போயின. இரண்டாவது சோடி அளவு சரி, குதியைக் கடிக்கிறது. கூடவே தைத்தவரின் துண்டு: “இரண்டு கிழமை தினமும் அரைமணி போட்டால் தோல் இளகும். வீட்டுக்குள் மட்டும் போடவும். அடியில் மண், ஈரம் படக்கூடாது.” அந்த மனிதர் ஆனையிறவைத் தாண்டி எங்கள் பக்கம் வந்ததே இல்லை என்பது இதிலேயே தெரிகிறது. வெளியே போடக்கூடாத சப்பாத்து; உள்ளே சப்பாத்தே போடக்கூடாத வீடு. இந்தக் குடாநாட்டில் இதைப் போட்டுக்கொண்டு நிற்க ஒரு சாண் நிலமில்லை.

விறாந்தையில் நாலடி வைத்தேன். உங்கள் மச்சான் சோமசேகரம் பேப்பரைக் கீழே வைத்தார்.

“என்ன இது, வீட்டுக்குள்ளை சப்பாத்தோடை?”

“இது வெளியிலை போடுறேல்லை. சுத்தம்.”

“சப்பாத்து சப்பாத்துத்தான். உள்ளை சாமிப்படம் இருக்கு.”

“நடராசர்தானே இருக்கிறார். அவருக்கு டான்ஸ் புதுசில்லை.”

“அவர் வெறுங்காலோடை ஆடுறார்.”

கழற்றிக்கொண்டு அறைக்குள் போனேன். கட்டிலில் காலை நீட்டியபடி போட்டுப் பார்த்தேன். “செத்தவையைத்தான் உப்பிடிச் சப்பாத்தோடை கிடத்துறது” என்றார். வீடுமல்லாத வெளியுமல்லாத இடம் ஒன்றுதான் மிஞ்சியது: கராஜில் நிற்கும் எங்கள் பழைய கார். தினமும் நாலு மணிக்குப் பின்சீற்றில் ஏறி, கதவைச் சாத்தி, சப்பாத்தைப் போட்டு, காலை மாறி மாறி மிதித்துக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் பக்கத்து வீட்டு இரத்தினம்மா வேலி இடைவெளிப் பொட்டால் நுழைந்து வந்து கண்ணாடியைத் தட்டினா.

“ரீச்சர், என்ன கோவமெண்டாலும் இறங்குங்கோ. ஆம்பிளையள் உப்பிடித்தான். இந்த வயசிலை எங்கை போகப் போறியள்?”

“நான் ஒரிடமும் போகேல்லை. சப்பாத்துப் பழக்கிறன்.”

“ஐயோ ரீச்சர்! அவ்வளவுக்கு வந்திட்டுதோ?”

அன்று பொழுதுபடுவதற்குள் நான் புருஷனை விட்டுப் போகிறேன் என்ற செய்தி மானிப்பாய்ச் சந்தையைத் தாண்டிவிட்டது. ஞாயிறன்று இவருடைய தமக்கை சிவக்கொழுந்து இணுவிலிலிருந்து பஸ்ஸில் வந்து எனக்கும் இவருக்கும் திருநீறு பூசி, எதற்கும் இருக்கட்டும் என்று காருக்கும் பூசிவிட்டுப் போனா. சப்பாத்து மட்டும் இளகவில்லை. இருந்தபடி மிதித்தால் எப்படி இளகும்? குதியில் கொப்புளம்.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். கலியாணத்துக்கு வருவேன், ஆடமாட்டேன். சப்பாத்தைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். அருந்ததிக்கு மெதுவாகச் சொல்லுங்கள். அவள் அழுவாள். இதை எழுத எனக்கும் நன்றாக இல்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை.

பிள்ளைக்கு என் ஆசீர்வாதம். நாற்காலியில் இருந்து சொன்னாலும் பலிக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
தங்கச்சி குணலட்சுமி

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போன நேரம் கராஜ் பக்கம் சத்தம் கேட்டது. உங்கள் மச்சான் காரை வெளியே ஒழுங்கைக்குத் தள்ளி விட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீமெந்துத் தரையைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். “இஞ்சை சாமியுமில்லை, மண்ணுமில்லை. போட்டுக்கொண்டு வாரும்” என்றார். போனேன். “ஆம்பிளை கையை எங்கை வைக்கிறது?” என்று கேட்டார். காட்டினேன். பாட்டில்லாமல், அவர் ஒண்டு, ரண்டு, மூண்டு என்று எண்ண எண்ண, நாலு சுற்று ஆடினோம். வேலிக்கு மேலே இரத்தினம்மாவின் தலை தெரிந்தது. அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. மேலே எழுதியதை வாசிக்க வேண்டாம். பார்சல் வராது. மாப்பிள்ளையின் தகப்பனிடம் இப்போதே சொல்லிவையுங்கள்: அவருக்கு ஒரு சுற்றுத்தான். மிச்சத்துக்கு உங்கள் மச்சான் வருகிறார், வெறுங்காலோடு.