வேலையில்லாதவர்கள் மட்டும் வரவும்

வாழ்வு கொடுக்கும் முதலாளி என்றொரு ரகம் நம்மிடையே உலாவுகிறது. கண்டதில்லையா? திருகோணமலைத் துறைமுகப் பக்கம் வாருங்கள், காட்டுகிறேன். புல்மோட்டை மீனையும் மூதூர் மீனையும் ஐஸ் பெட்டியில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்புகிற மேர்வின் அங்கே இருக்கிறார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனை, பேச்சுக்குப் பேச்சு "சனத்துக்கு ஏதாவது செய்யோணும், கண்டியளோ" என்றொரு பெருமூச்சு.

இந்தப் பெருமூச்சு தொடங்கிய நாளையும் சொல்லிவிடுகிறேன். ஆறு மாதமாவது வேலையில்லாமல் இருந்த ஒருவரைச் சேர்த்தால், அவர் சம்பளத்தின் பேரில் முதலாளி கட்டவேண்டிய வரியில் ஒரு வருடத்துக்குச் சலுகை என்று அறிவித்தார்களே, அன்றைக்குத்தான். அதற்கு முதல் நாள் வரை வேலை கேட்டு வந்தவர்களைக் காவலாளியே வாசலோடு திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

ஈச்சிலம்பற்றிலிருந்து வந்து, மகளோடு டவுனில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்த றொஷானி வேலை கேட்டுப் போனார். என்ன வேலை தெரியும் என்று மேர்வின் கேட்டாரா? அந்தக் கதையே இல்லை.

"எத்தனை மாசம் சும்மா இருந்தனீங்கள்?"

"ஏழு மாசம், சேர்."

"அருமை!"

ஒருத்தி ஏழு மாதம் அரைவயிற்றோடு கிடந்ததைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. வேலையில்லாதவர்தான் என்று கிராம சேவகரிடம் கடிதம் வாங்கி, நியமனக் கடிதத்தை இரண்டு கையாலும் நீட்டி, கமராவைப் பார்த்துச் சிரித்து, "ஒரு குடும்பத்தில் விளக்கேற்றினோம்" என்று முகநூலில் படம் போட்டார். முந்நூறு பேர் இதயம் போட்டார்கள்.

றொஷானி கெட்டிக்காரி. செவுளைத் திறந்து பார்த்தே எந்த மீன் முதலில் லொறி ஏற வேண்டும் என்று சொல்லிவிடுவார். அவர் வந்த பிறகு பழுதென்று ஒரு பெட்டிகூடக் கொழும்பிலிருந்து திரும்பவில்லை. வருடம் முடிந்த கிழமை மேர்வின் கூப்பிட்டார்.

"பிள்ளை, நாளையிலயிருந்து ஆறு மாசம் வீட்டில நில்லுங்கோ."

"ஏன் சேர், நான் ஏதும் பிழை விட்டனானா?"

"சீச்சீ! உங்களைப்போல ஆள் கிடைக்காது. ஆனா நீங்கள் இப்ப வேலையில்லாத ஆள் இல்லையே! சலுகை முடிஞ்சுது. ஆறு மாசம் சும்மா இருந்திட்டு வாங்கோ, புதுசா எடுக்கிறன்."

"அதுவரைக்கும் பிள்ளைக்கு என்னத்தைக் குடுக்கிறது, சேர்?"

"இடையில வேற எங்கயும் வேலைக்குப் போயிடாதேங்கோ. பிறகு கிராம சேவகரிட்ட அந்தக் கடிதம் எடுக்க ஏலாது. உங்கட நன்மைக்குத்தான் சொல்லுறன்."

பட்டினிக்கும் நிபந்தனை, பார்த்தீர்களா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துக் கடையில் ஸஹாப்தீன் நாட்கூலிக்குக் கூப்பிட்டும், கடிதம் கெட்டுவிடும் என்ற பயத்தில் றொஷானி போகவில்லை. மகளின் பள்ளி வான் நின்றது. ராச்சாப்பாடு தேத்தண்ணியும் பாணும் ஆனது. மேர்வினோ ஞாயிற்றுப் பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று, "உழைக்கிற எண்ணமுள்ள சனம் இப்ப எங்க இருக்கு?" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் போனது. அதே கடிதம், அதே இரண்டு கை, அதே சிரிப்பு. "இன்னொரு குடும்பத்தில் விளக்கேற்றினோம்." இம்முறை ஐந்நூறு இதயம்.

"என்ன மனுசனப்பா இவன்!" என்று நீங்கள் கோபப்படுவது கேட்கிறது. நல்ல மனசு உங்களுக்கு. அப்படியே போனை எடுத்து அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் படத்தில் றொஷானியின் காதில் தோடு இருக்கிறது. இரண்டாவதில், தோடு இருந்த ஓட்டையில் ஈர்க்குத் துண்டு.

பார்த்தாயிற்றா? இனி இரண்டாவது படத்துக்கு இதயம் போட்டவர்களின் பெயர்களைத் திறவுங்கள். மூன்றாவது பெயர் என்னுடையது. நாலாவது யாருடையது என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா?