இருபது நிமிடம் நிற்காமல்

வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கமலக்கண்ணன் பிரேக்கை மிதித்த மிதியில், தங்கமணியின் மடியிலிருந்த தக்காளியெல்லாம் காருக்குள் உருண்டது.

“என்னங்க, நாயி குறுக்க வந்துச்சா?”

“லைட்டு எரியுது.”

“லைட்டுக்கா இந்த மிதி?”

அவள் சொந்தக் கார் என்ற நினைப்பில் பேசினாள். கார் அவன் வேலை பார்க்கும் ஓசூர்த் தொழிற்சாலையின் ஜி.எம். பொன்னுசாமியுடையது. வெளிநாட்டு டீசல் கார். மனைவியோடு ஒரு மாதம் ஜெர்மனிக்குக் கிளம்பியவர், சாவியைக் கமலக்கண்ணன் கையில் வைத்து, “சும்மா நின்னா பேட்டரி செத்துடும் கமல். தினமும் கொஞ்சம் ஓட்டுங்க. உங்களை நம்பித்தான் போறேன்” என்றார். அதை முனிராஜும் பார்த்துக்கொண்டிருந்தான். உதவி மேலாளர் பதவிக்குப் போட்டியில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். ஜி.எம். திரும்பி வந்ததும் பெயரைச் சொல்வார். சாவியின் கனத்தில் பதவியே பாதி கைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது கமலக்கண்ணனுக்கு.

இப்போது இந்த விளக்கு.

பெங்களூர் சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டான்.

“தினம் எவ்ளோ தூரம் சார் ஓட்றீங்க?”

“வீட்டுலேருந்து ஃபேக்டரி. ரெண்டு கிலோமீட்டர்.”

“அதான் சார். சைலன்சர் லைன்ல ஒரு ஃபில்டர் இருக்குது. கரியெல்லாம் அதுல தங்கும். நல்லா சூடானாதான் எரிஞ்சு போவும். ஊருக்குள்ளயே உருட்டினா அடைச்சுக்கும். ஹைவேல எண்பதுல இருபது நிமிஷம் நிக்காம ஓட்டுங்க, சரியாய்டும்.”

“நடுவுல நின்னுட்டா?”

“திரும்ப முதல்லேருந்து. ஒரேடியா அடைச்சுட்டா புது ஃபில்டர்தான். அந்த விலைக்குச் சின்னதா ஒரு காரே வாங்கலாம் சார்.”

அன்று மாலையே பெங்களூர் பக்கம் வண்டியைத் திருப்பினான். ஜூஜுவாடியில் கர்நாடக எல்லையைத் தாண்டக் காத்திருந்த லாரிகள் ஊர்கோலம் போல வரிசை கட்டியிருந்தன. முன்னால் லாரி, பின்னால் லாரி, பக்கத்தில் லாரி. நிற்காமல் இருபது நிமிடம் ஓட வேண்டிய வண்டி, ஓடாமல் ஒன்றரை மணி நேரம் நின்றது. வீடு திரும்பும்போது விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியிருந்தது.

“கிருஷ்ணகிரி பக்கம் போனா ரோடு காலியா கெடக்கும். நான் வரேன். தனியா விட்டா நீங்க மாட்டு வண்டிதான் ஓட்டுவீங்க” என்றாள் தங்கமணி. தர்மபுரிக்காரி, அந்தச் சாலை தனக்கு அத்துப்படி என்பாள்.

மறுநாள் ரோடு காலியாகத்தான் கிடந்தது, குந்தாரப்பள்ளி வரை. அன்று சந்தை. சாலை முழுக்க மாடுகள். அதில் ஒரு காளை காருக்குப் பக்கத்தில் வந்து நின்று, கண்ணை மூடி, சைடு கண்ணாடியில் நிதானமாகக் கழுத்தைத் தேய்த்தது.

“யோவ், மாட்ட ஓட்டுய்யா!” என்று கத்தினான் கமலக்கண்ணன்.

“இருண்ணா, சொறிஞ்சுக்குது. நீயும் நானும் அவசரப்பட்டா அதுக்கு அரிப்பு அடங்குமா?” என்றார் மாட்டுக்காரர்.

அரிப்பு அடங்கியபோது, கண்சிமிட்டிய விளக்கோடு ஒரு சத்தமும் சேர்ந்துகொண்டது. கோழிக்குஞ்சு போல, விடாமல் ‘கீ கீ’.

ஜி.எம். வர இரண்டே நாள்தான் இருந்தது. கமலக்கண்ணன் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, விடிந்ததும் விடியாததுமாகத் தங்கமணியோடு பனிமூட்டத்தில் ஊர்ந்து கிருஷ்ணகிரி வரை போய், பனி விலகியதும் அங்கிருந்து ஓசூரை நோக்கித் திரும்பினான். லாரி இல்லை, மாடு இல்லை. கார் எண்பதைத் தொட்டது. சாலை ஒரு ரிப்பன் போலச் சக்கரத்துக்கடியில் சுருண்டது. தங்கமணி கைக்கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பதினெட்டு... பத்தொம்பது... மிதிங்க, விட்றாதீங்க!”

அப்போதுதான் ஒரு பேருந்து, முன்னால் போன லாரியை முந்துகிறேன் என்று இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டது. கமலக்கண்ணன் பிரேக்கில் ஏறி நின்றான். அவர்களுடைய தொழிற்சாலைப் பேருந்துதான். கடைசி ஜன்னலில் முனிராஜின் தலை முளைத்தது.

“டேய் கமல்! காய்ச்சல்னாங்க? ஜி.எம். கார்ல பொண்டாட்டியோட காத்து வாங்கறியா?”

பேருந்து முழுக்கச் சிரித்தது. மத்தியானத்துக்குள் செய்தி ஜெர்மனிக்கே போய்விட்டது. ஜி.எம்.மிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது: ‘டூர் சுகமா?’

அவர் திரும்பிய அன்று, கமலக்கண்ணனும் தங்கமணியும் விளக்கும் ‘கீ கீ’யும் அடங்காத காரை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினார்கள். கமலக்கண்ணன் எதையும் மறைக்கவில்லை. விளக்கு, லாரி, காளை, பொய்க் காய்ச்சல் எல்லாவற்றையும் கொட்டினான். பொன்னுசாமி வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

“ஃபில்டர் போச்சா...” என்று பெருமூச்சு விட்டார். “சரி விடுங்க. நான் பாத்துக்கறேன். உங்ககிட்ட ஒரு பைசா கேக்க மாட்டேன்.”

“சார்...”

“ஆனா கமல், ஒரு வண்டியையே காப்பாத்த முடியல. டிபார்ட்மெண்டைக் குடுத்தா? இந்தத் தடவை முனிராஜ் இருக்கட்டும். வருத்தப்படாதீங்க.”

கமலக்கண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்களுக்குப் பெரிய மனசு சார். ஃபேக்டரியில ஞாயித்துக்கிழமை வேலையையும் இனிமே நானே பாத்துக்கறேன்.”

“அதெல்லாம் எதுக்கு” என்றவர், “சரி, ஆசைப்படறீங்க, பாருங்க” என்று சொல்லிவிட்டு, போன் அடிக்க உள்ளே போனார்.

அவர் மனைவி ராஜலட்சுமி காபியோடு வந்தார். “ஏம்மா ரெண்டு பேரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?”

“கார் ஃபில்டர் அடைச்சுப் போச்சுக்கா” என்றாள் தங்கமணி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “சைலன்சர்கிட்ட இருக்குமாம். இவரு ஊருக்குள்ளயே ஓட்டித்தான் கெடுத்துட்டாராம்.”

ராஜலட்சுமி தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “அட, அந்த இரும்பு டப்பாவா? சும்மா சும்மா லைட்டு எரியுதுன்னு போன வருஷமே அதை அறுத்து எடுத்துட்டாரேம்மா. லைட்டு மட்டும் இன்னும் அப்பப்ப வெறுமனே எரியும். மாடியில அதுலதான் புதினா வச்சிருக்கேன், போகும்போது ஒரு கொத்து கிள்ளிட்டுப் போ!”