எம்.எஸ்.டபிள்யூ.வுக்கு ஒரு துக்கம் தேவை

பக்கத்து வீட்டுத் துக்கத்தைக் கேள்வித்தாளோடு தேடிப் போனவள் நான். சொல்ல இன்றும் கூசுகிறது.

"சமூகப் பணியை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்? ஒரு பக்கத்துக்குள் எழுதுக" என்றது எம்.எஸ்.டபிள்யூ. மேற்படிப்புக்கான விண்ணப்பம். குடி, வரதட்சணை, கடலரிப்பு, பிளாஸ்டிக் என்று மணவாளக்குறிச்சிக் கரையின் அத்தனை கஷ்டங்களையும் அதில் திணித்தேன். (பிளாஸ்டிக்குக்கு மட்டும் இரண்டு பத்தி.) படித்துப் பார்த்த கல்லூரி ஆசிரியை, "ஒண்ண மட்டும் எடும்மா. தெரிஞ்ச மனுசங்களப் பத்தி எழுது" என்றார்.

எனக்குத் தெரிந்த மனுஷி, மூன்று வீடு தள்ளியிருந்த மெல்டா அக்கா. அவர் கணவர் மீன்பிடிக்கப் போன வள்ளம் எட்டு மாதமாகத் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. தலைப்பு கிடைத்துவிட்டது என்று என் மனம் குதித்தது. (ஆம், குதித்தது.)

மறுநாள் காலை பத்துக் கேள்விகளோடு போனேன். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். முதல் கேள்வியை அப்படியே வாசித்தேன்: "கணவரை இழந்த பிறகு உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?"

அக்காவின் கை நின்றது. "இழந்தேன்னு ஒனக்கிட்ட ஆரு சொன்னா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். நான் இரண்டாவது கேள்விக்குப் போனேன்.

அக்கா கையைக் கழுவினார். உள்ளே போய் ஒரு கட்டுத் தாள்களைக் கொண்டுவந்தார். "ஏட்டி, சர்க்காரு உதவி கிடைக்கணும்னா செத்ததுக்கு சர்ட்டிபிகேட் வேணுமாம். நான் எப்பிடி செத்தாவன்னு சொல்லுவேன்? அவியளக் காணல்லன்னு மட்டும் ஒரு மனு எழுதித் தாறியா?"

"நாளைக்கு அப்ளிகேசனுக்குக் கடைசி நாளுக்கா. இத முடிச்சிட்டு வாறேன்."

"செரி மக்கா, போ."

கட்டுரை அருமையாக வந்தது. 'அவர் கண்ணீரைத் துடைப்பதே என் லட்சியம்' என்று முடித்தேன். (அக்கா என் முன்னால் அழவே இல்லை.)

நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியர் அதைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "அந்த அம்மாவுக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

மனு அப்போதுதான் ஞாபகம் வந்தது. "ஒண்ணும் செய்யல்ல சார்."

இடம் கிடைக்கவில்லை. ஊர் திரும்பியதும் அக்கா வீட்டுக்கு ஓடினேன். மீன் வண்டி ஓட்டுகிற ஒருவர் மனுவை எழுதிக் கொடுத்து ஒரு மாதமாகியிருந்தது. அக்கா திட்டவில்லை, காப்பி தந்தார்.

பிறகு ஓராண்டு அவரோடு அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். அடுத்த விண்ணப்பத்தில் அதை எழுதித்தான் இடம் வாங்கினேன். அவர் கணவர் இன்னும் வரவில்லை. மனுவும் நகரவில்லை.

இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்காவது இருமல் வந்தால் அம்மா சொல்வாள்: "ஏலே, இவளுக்க முன்னால இருமாத. கட்டுரை எழுதிருவா."

மெல்டா அக்கா அங்கே இருந்தால் அவர்தான் முதலில் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் சேர எனக்குத்தான் கொஞ்சம் நேரமாகிறது.