இரண்டு இரவுக்கு வந்தவர்

பெட்டி திறவார் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கு இவர்களைத் தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். உலகத்தின் எந்த மலிவு விடுதியில் போய் இறங்கினாலும் அங்கே ஒருவராவது இருப்பார். அவர் நாளைக்குப் போகப்போகிறவர். ஆகவே இன்றைக்கு அவருக்குத் தலையணை வேண்டாம், கதிரை வேண்டாம், சட்டை கொழுவ ஓர் ஆணிகூட வேண்டாம். பெட்டி பூட்டியபடியே இருக்கும். அந்த நாளை எத்தனை வருடமாக வந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். மனிதருக்குக் கோபம் வரும்.

எங்களுடைய ஆள் எமிலியானுஸ் அண்ணர். மன்னார்ப் பக்கம். இத்தாலியில், பலெர்மோவில், அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய சந்து ஒன்றுக்குள், பல்லரோ சந்தையின் மீன் வாடை மூன்றாம் மாடிவரை படியேறி வருகிற ஒரு பென்சியோனேயில் நாங்கள் இருந்தோம். பென்சியோனே என்றால் காசில்லாத பயணிகள் தங்கும் விடுதி. சின்யோரா தெரேசாவின் விடுதிக்குப் பயணிகள் வருவது எப்போதோ நின்றுபோயிற்று. வீட்டு வேலைக்குப் போய்வருகிற தமிழர் ஏழுபேர்தான் மாதக்கணக்கில் கிடந்தோம்.

தொண்ணூறாம் ஆண்டு ஒரு பின்னேரம் அண்ணர் பெட்டியோடு வந்து நின்றபோது, சின்யோரா பெயர் பதிகிற கொப்பியைத் திறந்து எத்தனை நாள் என்று கேட்டார். அண்ணர் இரண்டு விரலைக் காட்டினார். ஜெர்மனியில், டோர்ட்முண்டில் இருக்கிற மச்சான் "வாவன், பாப்பம்" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் அந்த இரண்டு விரல். இரண்டு இரவுக்கு வருகிறவருக்கு யார் அறை கொடுப்பார்கள்? கழிவறைக்குப் போகிற நடையில் ஒரு மடக்குக் கட்டிலை விரித்துவிட்டார் சின்யோரா.

அந்தக் கட்டிலில் அண்ணர் ஏழு வருடம் படுத்தார்.

இடையில் நல்ல கட்டில்கள் காலியாகவில்லையா? ஆகின. ஜன்னலோரக் கட்டில், கதவு உள்ள அறைக்குள் கட்டில், மெத்தை உள்ள கட்டில் என்று ஒவ்வொன்றாக நாங்களே கொண்டுபோய் நீட்டினோம். "வாற மாசம் போறவனுக்கு என்னத்துக்கு?" என்று கையை விரித்தார். காலையில் வயிறு கலங்கி ஓடுகிற ஆறுபேரும் அவருடைய காலைத் தாண்டித்தான் போகவேண்டும். அவரும் படுத்தபடியே ஒவ்வொருவருக்கும் காலை வணக்கம் சொல்லி, நேற்றையைவிட இன்றைக்குப் பரவாயில்லையா என்று சுகம் விசாரிப்பார்.

தலைக்கு வைப்பது சுருட்டிய கோட்டு. தேத்தண்ணி குடிப்பது யாருடைய கோப்பை சும்மா இருக்கிறதோ அதில். பல்லரோவில் எல்லோரும் கிலோக்கணக்கில் வெங்காயம் வாங்க, இவர் ஒன்றே ஒன்று வாங்குவார், மிச்சம் வந்தால் கொண்டுபோக முடியாதாம். பல்லுக்கொதி வந்து கன்னம் பணியாரம்போல வீங்கியபோதும் வைத்தியரிடம் போகவில்லை. ஜெர்மனியில் பல்லுக்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்களாம். குடை? ஜெர்மன் குடைதான் குடை. இத்தாலியன் பாஷை? இரண்டு சொல் போதும்: தொமானி, ஜெர்மானியா. நாளைக்கு, ஜெர்மனி. சின்யோராவைப் படியில் கண்டால் இந்த இரண்டையும் சொல்லிச் சிரிப்பார். அவரும் ஏழு வருடமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

பகிடி இதுவரைக்கும்தான். தொண்ணூற்றேழில் அண்ணரின் மனைவி இராசாத்தியிடமிருந்து கடிதம் வந்தது. அவரும் மகள் றம்யாவும் மன்னாரில் அகதி முகாமில் இருந்தார்கள். ஜெர்மனிக்குப் போனதும் கூப்பிடுகிறேன் என்று அண்ணர் மாதம் தவறாமல் எழுதிவந்தவர்தான். இந்தத் தடவை வந்த பதிலை அவர் என்னிடம் நீட்டி, சத்தமாக வாசி என்றார். ஏற்கெனவே வாசித்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"றம்யா மூண்டாம் வகுப்புக்கு வந்திட்டாள். ஜெர்மனி அங்கையே இருக்கட்டும். நீங்கள் இருக்கிற இடத்துக்கு எங்களைக் கூப்பிடுங்கோ. ஏலாதெண்டால் அதையாவது எழுதுங்கோ."

பெர்மெசோ, அதாவது இருப்பதற்கான அனுமதி, அண்ணரிடம் இருந்தது. ஆனால் குடும்பத்தைக் கூப்பிடுவதென்றால் அவர்கள் வந்து தங்க ஒரு வீடு இருக்கிறது என்று கடதாசி காட்டவேண்டும். கழிவறை நடையில் ஒரு கட்டில் என்று எழுதிக்கொடுக்க முடியுமா? நல்லவேளை, மேல்மாடியில் சின்யோராவின் இரண்டு அறை வீடு அப்போதுதான் காலியாகியிருந்தது. மொழிபெயர்க்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

சின்யோரா கொப்பியை எடுத்து, தூசி தட்டி, தொண்ணூறாம் ஆண்டுப் பக்கத்தைத் திருப்பி எங்கள் முன்னால் வைத்தார். எமிலியானோ. இரண்டு இரவு. அவ்வளவுதான். இந்தக் கொப்பியின்படி இவர் மூன்றாம் நாள் காலையே போய்விட்டார், போன மனிதருக்கு நான் எப்படி வீடு எழுதுவது என்று கேட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேறு ஒரு குடும்பம் வந்து திரைச்சீலைக்கு ஜன்னலை அளந்துவிட்டுப் போயிருக்கிறதாம், சனிக்கிழமை பதில் சொல்லவேண்டுமாம்.

"ஒரு தலையணைகூட வாங்காத மனிதர்" என்றார் சின்யோரா. "வீட்டைக் கொடுத்த மறுநாள் ஜெர்மனிக்குப் போய்விட்டால்?"

பாவம் அண்ணர். ஏழு வருடமாகப் படியில் நின்று அந்த விளம்பரத்தைச் செய்தவர் அவர்தானே.

திரும்பி வந்து கட்டிலில் குந்தினார். திரும்பப் போய்ச் சின்யோராவின் காலில் விழட்டோ என்று என்னைக் கேட்டார். பிறகு கழுத்தில் செபமாலையோடு தொங்கிய பெட்டித் திறப்பைக் கழற்றினார். பூட்டுத் துருவேறிப்போய்த் திறக்கவில்லை. குசினிக் கத்தியால் நெம்பினோம். எல்லோரும் காலைத் தாண்டுகிற அந்த நடையில், எல்லோரும் பார்க்க, பெட்டி திறந்தது.

ஒரு கழுத்துப்பட்டி. ஒரு ஜெர்மன் அகராதி, விலைச்சீட்டோடு. அடியில் காகிதத்தில் சுற்றிய ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து; வந்த முதல் கிழமை பல்லரோவில் வாங்கியதாம். அண்ணர் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தார். கை பாதி மிஞ்சியது.

"இது ஒண்டரை வயசுக்கு" என்றார்.

யாரும் பகிடி பண்ணவில்லை. எனக்கு அழுகை வந்தது, சொல்லிவிடுகிறேன்.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலையைத்தான் நாங்கள் நம்பவில்லை. சப்பாத்தை வைத்துவிட்டு எழும்பி, ஓர் ஆணியும் அம்மிக்குழவி இல்லாத குறைக்கு நாங்கள் மிளகு குத்துகிற கல்லும் எடுத்து, சுவரில் அடிக்கத் தொடங்கினார். அந்த விடுதியில் கொலை செய்தாலும் மன்னிப்பு உண்டு, சுவரில் ஆணி அடித்தால் இல்லை. முதல் அடிக்கே சின்யோரா கத்திக்கொண்டு ஓடிவந்தார். வந்தவர் திறந்த பெட்டியைப் பார்த்தார். சப்பாத்தைப் பார்த்தார். அண்ணர் எல்லாச் சட்டையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த ஒற்றை ஆணியில் கொழுவுவதையும் பார்த்தார். வந்த வழியே கீழே போய்விட்டார். சனிக்கிழமை கடதாசியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது, ஆணித் துளையைப் பூசித் தருவது உன் பொறுப்பு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வருடம் இராசாத்தி அக்காவும் றம்யாவும் வந்து சேர்ந்தார்கள். மேல்மாடியில் மூன்று தலையணை, மூன்று கோப்பை, ஒரு மூட்டை வெங்காயம், ஒன்பது ஆணி. அண்ணர் ஒவ்வொரு ஆணியாகத் தொட்டுக் காட்டினார். மூன்றாம் நாள் நான் போனபோது, ஒன்பது வயதுப் பிள்ளை முதுகில் பையைக் கொழுவியபடியே கதிரை நுனியில் இருந்து சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பையைக் கழற்றி வையன் அம்மா என்றேன்.

"வேண்டாம் மாமா. நாங்கள் ஜெர்மனிக்குப் போறம் எல்லே? அப்பா எல்லாக் கடிதத்திலையும் எழுதினவர்."

அண்ணர் ஆணியில் கையை வைத்தபடி நின்றார். மாதம் ஒரு கடிதமாக ஏழு வருடம் ஓதிய பாடம், பிள்ளைக்கு நன்றாகப் பாடமாகியிருந்தது. அவள் அந்தப் பையைக் கழற்ற ஐந்து மாதம் பிடித்தது.

சிரித்து முடித்தாயிற்றா? நல்லது. இப்போது எழும்பி உங்கள் அலமாரியின் மேலே பாருங்கள். தொலைக்காட்சி வந்த அட்டைப்பெட்டி, வீடு மாறும்போது உதவும் என்று அங்கேதானே இருக்கிறது? விருந்தாளிக்கென்று வைத்த நல்ல கோப்பைகள் இன்னும் வைக்கோலுக்குள்தானே? புது வீட்டுக்குப் போனபிறகு பார்க்கலாம் என்று எத்தனை ஆணியை அடிக்காமல் விட்டிருக்கிறீர்கள்? நான் யோக்கியன் என்று நினைக்கவேண்டாம். அண்ணர் மேல்மாடிக்குப் போனபிறகு அந்த நடைக் கட்டிலில் படுப்பது நான்தான். எனக்கு லண்டன். வாற மாசம்.